ஒன்பது மில்லிமீட்டர்

பிப்ரவரிப் பனியில் வழுக்கி விழுந்ததிலிருந்து
இடது மணிக்கட்டு பழையபடி மடங்குவதில்லை.
"நாளாகும்" என்றார் மருத்துவர்.
எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.
ஆகஸ்டில் முந்நூறு மீட்டர் போட்டி இருக்கிறது.
இருபது வருடமாகத் துப்பாக்கியின் முன்கட்டையில்
கை போய் உட்கார்ந்த இடம்
இனி என் இடம் இல்லை.

எது என் இடம் என்று கண்டுபிடிக்கத்தான்
தபாலில் வந்திருக்கிறது இந்த அலுமினியத் தண்டவாளம்.
சாணுக்குக் கொஞ்சம் அதிக நீளம்.
நெடுக ஒரு பள்ளம்.
அதில் கைத்தாங்கியை முன்னும் பின்னும் தள்ளி
நிற்கிற இடத்தில் முடுக்கிக்கொள்ளலாம்.
கூடவே இரண்டு திருகாணிகள்,
ஐந்து மொழிகளில் ஓர் எச்சரிக்கை.

ரேனாவில் ஜூன் மாதம்.
இரவு பதினொன்றுக்கும் விளக்கு வேண்டாம்.
குழலையும் இயந்திரத்தையும் கழற்றி
கம்பளியில் சுற்றி சோபாவில் படுக்க வைத்தாயிற்று.
போல்ட் இருப்பது பூட்டிய அலமாரியில்.
கட்டை மட்டும் சமையல் மேசைமேல்
வயிறு காட்டி மல்லாந்து கிடக்கிறது.

காகித டேப் ஒட்டி
நடுக்கோடு போட்டேன்.
அழித்தேன்.
மறுபடி போட்டேன்.
அளக்கிற படிக்கு அரிசியின் விலை தெரியாது;
என் அளவுகோலுக்கும்
இந்த வால்நட் மரத்தின் விலை தெரியாது.
எனக்குத் தெரியும்.
அதனால்தான் உளி இறங்க மறுத்தது.

இறங்கியதும் எல்லாம் எளிதாயிற்று.
சுருள் சுருளாக மரம் வந்தது,
பென்சில் சீவின வாசனையோடு.
தண்டவாளத்தின் முதுகில் லிப்ஸ்டிக் பூசி
வெட்டிய பள்ளத்தில் அழுத்தி எடுத்தேன்:
சிவப்பு பட்ட இடம் மேடு.
சுரண்டு. பூசு. அழுத்து. எடு.
மைத்துனி மகளின் திருமணத்துக்கு வாங்கிய நிறம்.
அன்றைக்கு ஒரே ஒருமுறை பூசினேன்.
இன்றைக்குப் பதினேழு முறை.

முதல் துளை வெண்ணெயாய் இறங்கியது.
இரண்டாவதில் டிரில் கிறீச்சிட்டது.
மரம் அப்படிக் கத்தாது.

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வார்னிஷுக்கு அடியில் ஒரு வட்டம்,
சுற்றியுள்ள மரத்தைவிட ஒரு சாயல் கறுப்பு.
யாரோ துளைத்து, முறித்து,
முறிந்த திருகாணியை உள்ளேயே விட்டு,
மேலே மரமுளை அடித்து,
தேய்த்து, மெருகேற்றி,
ஒன்றும் நடக்காதது போல மூடியிருக்கிறார்.

எல்வெரும் ஏலத்தில் வாங்கியது இது.
ரசீதில் விற்றவர் பெயர் இல்லை.
என்னைவிடக் குட்டைக் கையாக இருக்க வேண்டும்.
அல்லது அவருக்கும் ஏதோ ஒரு பிப்ரவரி.
அவரைத் திட்டலாம் என்று வாய் திறந்தேன்;
அவர் மூடிய அழகைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

தண்டவாளத்தை ஒன்பது மில்லிமீட்டர் முன்னே தள்ளினேன்.
முதல் துளை வீண்.
அதற்கு ஒரு முளை செதுக்கினேன்,
நரம்பு ஓடும் திசை பார்த்து.
நாளை இதை வாங்குகிறவர்
டார்ச் அடிக்கட்டும்.

ஒன்றரை மணிக்குத் திருகாணிகள் இரண்டும் உட்கார்ந்தன.
கட்டையைத் தூக்கி நின்று பார்த்தேன்,
குழல் இல்லாமல், எதையும் குறி வைக்காமல்.
கை போய் நின்றது.
வலி கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிறகு வந்தது.
அது போதும்.

நூல் பிடித்தாற்போல இல்லை;
மயிரிழை இடப்பக்கம் சாய்வு.
சங்கத்தில் ஓட்மண்ட் வாங்கிப் பார்ப்பார்,
கட்டைவிரலை நெடுக ஓட்டுவார்,
அந்த இடத்தில் நிறுத்துவார்,
வானிலை பற்றிப் பேசத் தொடங்குவார்.

காலையில் ஹால்வார் ரொட்டியில் வெண்ணெய் தடவினான்.
மென்றான். நிறுத்தினான்.
"இதில் என்ன, மரமா?"
"வால்நட்" என்றேன்.
நல்லாயிருக்கிறதென்று
இன்னொரு துண்டு எடுத்தான்.