ஐம்பது சென்ட் வெளிச்சம்

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில்
ரயில் என்னை இறக்கிவிட்டது.
பன்னிரண்டுக்கு ஊர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது.
ரொட்டிக்கடை, தபால் நிலையம்,
மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை,
கடைசியாக மடாலயம்.
கதவில் ஓர் அட்டை:
சாவி மீன்கடையில், சோலாஞ்ச் வெர்னியேவிடம்.
மீன்கடையிலும் ஓர் அட்டை:
இரண்டு மணிக்கு.

உப்புச் சப்பில்லாத ஒரு மதியத்தைக்
கையில் வைத்துக்கொண்டு
ஆற்றுக்குப் போனேன்.

லுவார் அன்று ஆறாக இருக்க மெனக்கெடவில்லை.
பாதி மணல்.
மீதியில் மேகம் ஓடிக்கொண்டிருந்தது,
தண்ணீர் நின்றிருந்தது.
பாலத்தின் ஏழாவது வளைவுக்குக் கீழே
மடக்கு நாற்காலியில் ஒருவர்,
தூண்டிலைக் காலிடுக்கில் செருகிவிட்டு
முள்ளங்கியை வெண்ணெயில் தொட்டுத்
தின்றுகொண்டிருந்தார்.
ஏதாவது கிடைத்ததா என்றேன்.
"முள்ளங்கி" என்றார்.

கரைச்சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களை
வெட்டிவைத்திருக்கிறார்கள்.
1846, 1856, 1866.
பத்து வருடத்துக்கொருமுறை
தவறாமல் வந்துபோன உறவினர்.
அதற்குப் பிறகு இந்தச் சுவரில் கோடில்லை.
என்ன மனஸ்தாபமோ.

இரண்டேகாலுக்கு சோலாஞ்ச் வந்தாள்.
ரப்பர் பூட்ஸ். மணிக்கட்டில் இரண்டு செதில்.
சாவி என் உள்ளங்கையைவிட நீளம்.
"உள்ளே பெட்டி இருக்கிறது.
ஐம்பது சென்ட் போட்டால்
மூன்று நிமிடம் விளக்கெரியும்.
போடாவிட்டால் இலவசம், ஆனால் இருட்டு."

போட்டேன்.
தூங்கியவன் முகத்தில் டார்ச் அடித்ததுபோல
கூரை திடுக்கிட்டது.
தூண்களின் தலையில்
ஒரு சிங்கம் இன்னொரு சிங்கத்தின் வாலைக் கடிக்க,
பல்வலிக்காரன் ஒருவன் கன்னத்தைப் பிடித்திருக்க,
நடுவில் தேவதூதர், மூக்கில்லாமல்.

வடக்குப் பக்கம் நான்காம் தூணில்
இடுப்புயரத்தில் ஒரு குழி.
வழவழப்பாக,
ஒரு குழந்தையின் தலை அடங்கும் அளவு.
யாத்ரீகர்கள் தொட்டுத் தொட்டுத் தேய்ந்தது
என்று நினைத்தேன்.
நானும் கை வைத்தேன்,
நம்பிக்கை இல்லாதவர்கள் வைப்பதுபோல,
கொஞ்சம் கூடுதல் பயபக்தியோடு.

"அது குதிரை" என்றாள் சோலாஞ்ச்.

விளக்கு அணைந்தது.

இருட்டில் அவள் குரல் தொடர்ந்தது,
மீனுக்கு விலை சொல்லும் அதே குரல்:
துறவிகளை விரட்டிய பிறகு
இது பட்டாளத்தின் லாயம்.
மூத்திரத்தின் உப்பு சுவரில் ஏறியது.
கல்லில் பூத்தது.
குதிரைகள் நக்கின, இரவெல்லாம்.
அந்தச் சத்தத்தில்
பக்கத்துத் தெரு தூங்கியதில்லையாம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை
என்று ஒரு வழக்கு உண்டு என் மொழியில்.
தாங்களே இட்ட உப்பைத்
தாங்களே நக்கித் தீர்த்தவை
யாரை நினைத்திருக்கும்?

இன்னோர் ஐம்பது சென்ட் தேடினேன்.
செப்புக் காசுகள் இருந்தன,
கசங்கிய ரயில் சீட்டு ஒன்று.
சோலாஞ்ச் தன் ஏப்ரனிலிருந்து எடுத்துப் போட்டாள்.
மீன் வாடை அடித்தது
அந்த மூன்று நிமிடம்.

குழியில் இப்போது தாடை தெரிந்தது,
சாய்ந்த கழுத்து,
விடிந்தால் யாரைச் சுமந்து
எந்தப் போருக்கு என்று அறியாத
தடித்த நாக்கு.
மேலே சிங்கத்தைச் செதுக்கியவன் பெயர்
இங்கே யாருக்கும் தெரியாது.
கீழே செதுக்கியதன் பெயரும்.

அவள் திரும்பி நின்ற நேரம் பார்த்துக்
குழியில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தேன்.
வெறும் கல். சற்றே குளிர்.

"எல்லோரும் செய்வதுதான்" என்றாள்,
திரும்பாமலே.

கடைக்கு முன்னால்
முள்ளங்கிக்காரர் வாளியோடு நின்றிருந்தார்.
கானாங்கெளுத்தி இரண்டு கேட்டார்.
சோலாஞ்ச் காகிதத்தை உருவினாள்.
வேண்டாம் என்று தலையசைத்து
வாளியை நீட்டினார்.