இரண்டு இருக்கை குறைவு

திங்கள்நகர் பேருந்து நிலையத்துக்கு
எட்டுப் பேர் உட்கார ஒரு பெஞ்சு.
பேரூராட்சி கேட்டது அவ்வளவுதான்.
நான் ஆதிதாளத்தை வரைந்து கொண்டுபோனேன்.

தட்டுக்கு எவர்சில்வர் தகடு.
விரல் எண்ணும் மூன்றுக்கும் அயினிப் பலகை:
சுண்டுவிரல் ஒடுக்கம்,
மோதிரவிரல் கொஞ்சம் அகலம்,
நடுவிரலுக்குச் சாய்ந்துகொள்ள முதுகும் உண்டு.
பிறகு தட்டு, வீச்சு. தட்டு, வீச்சு.
வீச்சில் ஒன்றுமில்லை.
தரை.
பின்னால் விடாமல் ஓடும் கைப்பிடிக் கம்பி.

பொறியாளர் கோலப்பன் படத்தை எண்ணினார்
இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை.
"ஆறுதானே வருது. பாக்கி ரெண்டு எங்கே?"
கையைத் திருப்பிக் காட்டினேன்.
உள்ளங்கை மேலே பார்க்கும், சத்தம் கிடையாது,
ஆனால் கணக்கில் உண்டு, சார்.
"ஆடிட் கணக்கில் உண்டா?"
சிவப்பு மையில் எழுதினார்:
இரண்டு இருக்கை குறைவு.
பிறகு எதனாலோ கையெழுத்தும் போட்டார்.
மேஜைக்கடியில் அவர் கால் தாளம் போட்டது
என்று நான் சொன்னால் பொய்.
மின்விசிறி நின்றிருந்தது. அவருக்கு வியர்த்தது.

இரணியல் ரோட்டில் யேசுவடியான் பட்டறை.
ஒவ்வொரு தகடாகச் சுத்தியலால் தட்டி
காதைச் சாய்த்துக் கேட்டார்.
"இது கொள்ளாம். இது சவம்."
ஒன்றைத் தூக்கி மூலையில் எறிந்தார்,
அது விழுந்தபோது நன்றாகத்தான் இருந்தது.
இரண்டு வருடம் மிருதங்கம் படித்தும்
எனக்கு விரலில் வராதது
பொறி பறக்க, அங்கே, ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனி மாதச் சாரலில் பெஞ்சு இறங்கியது.
ஒருவருக்கும் தாளம் கேட்கவில்லை.
நடுவிரலில் சாய்ந்து ஒரு கல்லூரிப் பையன்
காதில் வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தான்.
முதல் வீச்சில் நாய்.
இரண்டாவதில் யாரோ வைத்துப்போன சாயா கிளாஸ்.
நான் எதிர்க்கடையில் நின்று
என் கலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு, குறும்பனை செசிலி வந்தாள்.
சருவத்தில் சாளை பாதி மீதம்.
வழக்கமாக அவள் நிற்கிற இடம்
குழாயடிக்கு அந்தப் பக்கம்,
மீன்தண்ணிக்கு யாரும் முகம் சுளிக்காத தூரத்தில்.
இன்று இடைவெளியைப் பார்த்தாள்.
ஆட்களைப் பார்த்தாள்.
நாயை "போ" என்றாள்.
சருவத்தை அதில் இறக்கி
பக்கத்துத் தட்டில் உட்கார்ந்தாள். தகடு டங் என்றது.
பொருந்தவில்லை. இரண்டு விரல் பெரிது.
அமுக்கி, உரசி, என் புதுப் பெயிண்டைச் சுரண்டித்தான்
அது தரை சேர்ந்தது.

அவளை நினைத்து நான் ஒரு கோடும் போட்டதில்லை.

டேப்போடு கிட்டே போனேன்.
"என்னத்துக்குப் பிள்ளே அளக்கிற?
இதுக்கும் வரி உண்டா?"
விட்டம் ஐம்பத்தெட்டு.
சாளையின் கண்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன.

தக்கலை வண்டி வந்தது.
"தம்பி, ஒரு கை பிடி."
பையன் காதிலிருந்ததைக் கழற்றினான்.
நான்கு கைகள் சருவத்தின் அடியில் போய்
உள்ளங்கை மேலே பார்க்க
எழும்பின,
சும்மாட்டில் அது அமர்கிற வரை
ஒரு சத்தம் இல்லை.
பிறகு தண்ணீர் சொட்டி அவன் ஷூ நனைந்தது.
முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பவும்
காதை மூடிக்கொண்டான்.

கருங்கலுக்கான பெஞ்சில்
வீச்சை அறுபத்திரண்டாக அகட்டியிருக்கிறேன்.
"தாளம் இழுக்குமே" என்றார் யேசுவடியான்.
இழுக்கட்டும்.
கோப்பு நேற்று திரும்பி வந்தது,
அதே சிவப்பு மை, அதே குறைவு,
இந்தத் தடவை விளக்கம் கேட்டு ஒரு கட்டம்.
கட்டம் சின்னது.
58 செ.மீ. என்று எழுதி அனுப்பினேன்.