கடன்காரா, மூச்சு விடு

மிச்சினா ஸ்டேஷன் பக்கம், என் கடைக்குப் பின்னால்
தண்ணீர்ப் பீப்பாய்க்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாய்.
கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது உன் செருப்பு.
போன மாதம் என் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிய
அதே செருப்பு.

வீரபத்ரா என்றேன்.
சோ மின் என்றேன், பள்ளிக்கூடத்தில் எழுதிய பெயர்.
கடன்காரா என்றேன், தெரு கேட்க.
எந்தப் பெயருக்கும் நீ வீட்டில் இல்லை.
முஷ்டியை மடக்கி நெஞ்செலும்பில் அரைத்தேன்,
தேங்காய் அரைக்கிற பலத்தோடு.
உதடு நாவற்பழம்.
அடைத்த குழாயில் காற்று புரள்வதுபோல் ஒரு குறட்டை,
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

"பெருங்காய டப்பா! அலமாரியில், மேல்தட்டில்!"
எதிர்ப் பட்டறை தில் பகதூர் ஓடினான்.

ரோய் ஜா டீ குடிக்க வந்தபோது கொடுத்த இரண்டு ஆம்பூல், இரண்டு ஊசி.
உன் கடைக்குப் பின்னால்தானே அக்கா விழுகிறார்கள் என்றாள்.
அடுப்புப் பக்கம் வைக்காதே, வெயில் காட்டாதே என்றாள்.
எனக்கு எதற்கு இந்த வேலை என்று சொல்லிக்கொண்டே
வாங்கி வைத்தேன்.

அவன் வரும்வரை
உன் தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து,
வாய்மேல் வாய்.
ஐந்து எண்ணிக்கைக்கு ஒரு மூச்சு.
வெற்றிலை, சுண்ணாம்பு, நேற்றைய மீன்.
உனக்கு நான் கொடுத்த கடனிலேயே
இதுதான் பெரிசு.

முந்தானை சுற்றி ஆம்பூலின் கழுத்தை ஒடித்தேன்,
அப்படியும் விரல் அறுத்தது.
நரம்பு தேட வேண்டாம், தொடைச் சதை போதும் என்றிருந்தாள்.
இத்தனை வருஷம் நரம்பு நரம்பாய்த் தேடித் தீர்த்தவனுக்கு
சதை போதுமாம்.
லுங்கி மேலேயே குத்தினேன்.

மூன்று நிமிஷம்.
மூச்சு, எண்ணு, மூச்சு.
தில் பகதூர் தன் சாமியைக் கூப்பிட்டான்.
நான் கணக்குப் பார்த்தேன்: எண்பதாயிரம் கியாட்,
சிலிண்டர் தனி.
செத்தால் யாரிடம் கேட்பது?

அசைவில்லை.
இரண்டாவதை ஒடித்தேன்.

முதலில் இருமினாய். பிறகு என் காலில் வாந்தி.
ஒருக்களித்துப் படுக்கவைத்தோம்.
கண் திறந்ததும் நீ சொன்ன முதல் வார்த்தையை
இங்கே எழுத மாட்டேன்.
இரண்டாவது: "ஐயாயிரம் போச்சே, பாழாக்கிட்டியே!"
உடம்பெல்லாம் நடுக்கம். மூக்கு ஒழுகல். கோபம்.
உயிர் வந்தவன் இப்படித்தான் இருப்பான் என்று
அவள் சொல்லியிருந்தாள். கும்பிட மாட்டான், அக்கா.

ஆஸ்பத்திரிக்குச் செக்போஸ்ட் தாண்ட வேண்டும்.
ஊரடங்கு. நீயும் மாட்டேன் என்றாய்.
எழுந்தாய். இன்னொன்று போட்டால் சரியாகிவிடுமாம்.

உட்காருடா.
நான் குத்தியது மணி ஒன்றோ ஒன்றரையோ இருக்கும்,
அப்புறம் கிளம்பிவிடும்.
நீ ஏற்றியது உள்ளேயே சம்மணம் போட்டிருக்கும்.
வந்த விருந்தாளி போனதும்
வீட்டுக்காரன் எழுந்திருப்பான்.
அதன்மேல் இன்னொன்றா?
டப்பா காலி. பார், காலி.

நீ கேட்கவில்லை. அதனால் வெங்காயம் கொடுத்தேன்.
சமோசாவுக்கு எட்டு வீசை.
உரி, கடனில் ஆயிரம் கழித்துக்கொள்கிறேன்.
முணுமுணுத்துக்கொண்டே உரித்தாய்.
கண்ணில் தண்ணீர், வெங்காயமோ என்னவோ,
நான் பார்க்கவில்லை,
மாவு பிசைந்தபடி உன் மார்பைத்தான் பார்த்தேன்,
ஏறுகிறதா, இறங்குகிறதா.

மூன்றரை மணிக்கு ஒருதரம் தலை தொங்கியது.
வீரபத்ரா!
"என்னடி?" என்றாய் எரிச்சலோடு.
ஒன்றுமில்லை, சும்மா.

விடிந்ததும் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன்.
நீ போயிருந்தாய், செருப்பு இல்லாமல்.
உரித்த வெங்காயம் ஐந்து வீசைதான்.
எழுநூறு கழித்தேன், போகட்டும்.

ரோய் ஜா வந்தால் சொல்ல வேண்டும்,
டப்பாவுக்கு இன்னும் இரண்டு.
நாலாகக் கேட்டால் தருவாளா?