வேர்க்கழுத்துக்கு மூன்று விரல் கீழே

காவேரிப்பட்டணத்தில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன்.
வேறு யாராவது சொல்வதற்கு முன்
நானே சொல்லிவிடுகிறேன்.

கடைக்குப் பின்னால் பதினோரு சென்ட்.
பட்டா தன் பேரில் இருப்பதுபோல
அதில் உண்ணிச்செடி குடியிருந்தது.

போன தை மாதம் திம்மராயன் வந்தார்.
சந்தூர்ப் பக்கம் நாலு ஏக்கர் மா.
"மரம் கொள்ளாத பூ, பிஞ்சைத்தான் காணோம்.
ஒரு ஈகூட எட்டிப் பார்க்கலை."
பழக்கதோஷத்தில் அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன்.
ஈயை வரவழைக்கிற மருந்தை
எந்தக் கம்பெனியும் இன்னும் போடவில்லை.

முதல் தப்பு, ஜேசிபி கூப்பிட்டது.
ஒன்றரை மணி நேரத்தில் ஏழு சென்ட் மொட்டை.
அன்று சாயங்காலம் வந்த வண்ணத்துப்பூச்சிகள்
பூ இருந்த உயரத்திலேயே
வெறுங்காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன,
காலிசெய்த வீட்டுக் கதவைத்
தட்டுகிறவர்கள் மாதிரி.
அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையிலும் நாலு தளிர்.
கிளறின மண் தனக்குத்தான் என்று
பார்த்தீனியம் வேறு.

கையுறை வாங்க வந்தவள் வெங்கடலட்சுமி.
அஞ்செட்டிக் காட்டில் உண்ணி வெட்டுகிற கூலிவேலை,
என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள்.
எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
"மேலே வெட்டினா அதுக்கு முடிவெட்டி விட்ட மாதிரிங்க."
குந்தாலி வாங்கி
வேர்க்கழுத்துக்கு மூன்று விரல் கீழே ஒரு போடு.
செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள்,
வேர் வானத்தைப் பார்க்க.
"காய் கறுக்கறதுக்குள்ளே முடிச்சிடுங்க.
ஒரேயடியா வேணாம். கொஞ்சம் கொஞ்சமா."
போகும்போது கேபிள் ஒயரைக் காட்டினாள்.
கொண்டைக்குருவிகள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே
கயிறு கட்டி நட்டதுபோல
உண்ணிக் கன்றுகள் வரிசையாக.

மிச்சம் நாலு சென்ட்டை மாதம் ஒரு கீற்றாக எடுத்தேன்.

நர்சரியில் தும்பை கேட்டேன்.
டேபிள் ரோஸ் இருக்கு சார் என்றார்கள்.
தும்பை விதை சுடுகாட்டு வேலியோரம் கிடைத்தது.
ஆவாரை போச்சம்பள்ளிச் சாலையில்,
நொச்சிக் குச்சி தென்பெண்ணைக் கரையில்.
எருக்கு தானே வந்தது, யாரையும் கேட்காமல்.

ஆவாரம்பூ சும்மா வந்து நின்றால் மகரந்தம் தராது.
கருவண்டு அதைக் கட்டிப்பிடித்து
உடம்பு முழுக்க உறும வேண்டும்.
ஐம்பத்திரண்டு வயதில்
கடன் வசூலுக்குப் போகும் வழியில் நின்று
இதைக் கேட்டேன்.

தரை சொட்டையா இருக்கு, புல் பதிக்கலாம் என்றான் கடைப்பையன் தூர்வாசன்.
குனிந்து காட்டினேன்:
பென்சில் நுழையும் துளைகள்.
உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்றேன்.
அதற்குப் பிறகு அவன்
அந்தப் பக்கம் செருப்போடு போவதில்லை.

வெட்டுக்காயப்பூண்டும் கப்பலேறி வந்ததுதானாம்.
தெரிந்த அன்றே பிடுங்கக் குனிந்தேன்.
கட்டைவிரலில் அரிவாள் பட்ட காயத்தில்
காலையில் கசக்கி வைத்த அதன் பச்சை
இன்னும் காயவில்லை.
நகம் அளவு ஒரு நீலப் பட்டாம்பூச்சி
அதன் மேல் உட்கார்ந்து எழுந்தது.
அதை அப்படியே விட்டேன்.
சரியா தப்பா, தெரியாது.

இந்தத் தையில் பில் அடியில் கையால் எழுதிக் கொடுக்கிறேன்:
பூ நிற்கும்போது அடிக்காதீர்கள்.
பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள்.
திம்மராயன் போகவில்லை.
வாங்கவும் இல்லை.
மரத்தடியில் தும்பை தூவியிருப்பதாகச் சொன்னார்.
பிஞ்சு பற்றி அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

இருட்டுகிற நேரம்.
நொச்சிக் குச்சியை வாயால் கவ்வியபடி
வரிசையாகத் தூங்குகின்றன
ஏழு நீலவரித் தேனீக்கள்.
ஷட்டரை இரண்டு கையாலும் தாங்கி
சத்தமில்லாமல் இறக்கினேன்.
உள்ளே அலமாரியில்
சிவப்பு முக்கோணங்கள் விழித்திருந்தன.