பதிவுக் கொப்பி, ஒட்டுசுட்டான்

வெளிக்கிடேக்க ஒரு கையெழுத்து,
திரும்பி வந்தால் ஒன்று.
ஐந்தரையாகியும் ஒரு கட்டம் வெறுமை:
ஸிக்ரிட், நோர்வே, பத்தொன்பது வயது,
இரத்தம் ஓ பொசிற்றிவ்,
தாயின் தொலைபேசி இலக்கம்.

மண்டையோட்டுப் பலகை கண்டால் நில்,
வந்த காலடியிலேயே திரும்பு.
முதல்நாளே சொன்னேன். எழுதிக்கொண்டாள்.
யானைக்கும் இதுதானா என்று கேட்டாள்.

இருட்டுப்படேக்க சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்,
ரயரில் காற்றில்லை,
தொப்பி நிறையப் பாலைப்பழம்.

"எங்க ஆய்ஞ்சனீ?"
"நானில்லை, அக்கா. பள்ளிப் பிள்ளையள் தந்தவை.
மஞ்சள் நாடாவுக்கு அங்கால
நல்லாப் பழுத்திருக்காம்."

பால் பிசுபிசுத்த விரலால் கையெழுத்து வைத்தாள்.
என் கொப்பியில் எல்லாரும் வந்தாயிற்று.

ரோச்சோடு நாடாவடியில் நிற்கிறேன்.
எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட?