பத்து நாள் நோட்டு

மாரண்டஅள்ளி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
பன்னிரண்டுக்குப் பத்து, அதுதான் கடை.
முனியப்பன் மோட்டார் ரீவைண்டிங் என்ற போர்டில்
'ரீ' உதிர்ந்து ரெண்டு வருஷம்.
அது இல்லாமலும் மோட்டார் வருகிறது, விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்து சார் ஒருவர் வந்தார்.
தொழிற்கல்விப் பிரிவுப் பிள்ளை, பத்து நாள்,
சம்பளம் வேண்டாம், தினம் நோட்டில்
ஒரு கையெழுத்து, ஒரு சீல், அவ்வளவுதான் என்றார்.
பையன் என்று நினைத்துத் தலையாட்டினேன்.
திங்கட்கிழமை ஷட்டர் தூக்குமுன்
யூனிபார்மில் நின்றிருந்தாள் யுவஸ்ரீ.
டிபன் டப்பா. பிரவுன் அட்டை போட்ட நோட்டு.

முதல் நாள் பெருக்கச் சொன்னேன்.
'கடை பெருக்கினேன், இரண்டு முறை' என்று
மார்ஜின் விட்டு எழுதி நீட்டினாள்.
படிக்காமல் போட்டேன் கையெழுத்து.

மூன்றாம் நாள்
ஸ்லாட்டுக்கு நாற்பத்தாறு சுற்று.
நான் போன் பேசிக்கொண்டே சுற்றுகிறவன்,
விரலுக்குத் தெரியும் கணக்கு என்று
ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருப்பவன்.
"அண்ணா, நாற்பத்தஞ்சுதான் ஆச்சு."
பிரித்து எண்ணினேன்.
நாற்பத்தஞ்சு.
போனில் இருந்தவர் அலோ அலோ என்றுகொண்டிருந்தார்.

அதன்பிறகு அவள் எண்ண நான் சுற்றினேன்.
அவள் சுற்ற நான் டீ வாங்கப் போனேன்.
கருகிய வார்னிஷ் வாடை சடையில் ஏறிவிட்டதாம்,
பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு காலியாகவே வருகிறதாம்.
சௌகரியம்தான் என்றாள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் கரண்ட் போனது.
செல்போன் வெளிச்சத்தில்
வேறு வேலையில்லாமல் நோட்டைப் புரட்டினேன்.

ஆறாம் நாள்: 'வேலை இல்லை.
பைனான்ஸ்காரர் வந்தார். அண்ணா வெளியூர் என்று
என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.'

ஏழாம் நாள்: 'கல்கூடப்பட்டி மாதேஷ் அவர்களின்
ஐந்து எச்.பி. நீர்மூழ்கி மோட்டார்.
கழற்றிய பழைய காப்பர் நான்கு கிலோ இருநூறு.
பில்லில் கழித்தது மூன்றரை கிலோவுக்கு.
காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.'

அதன் கீழே நான்.
என் கையெழுத்து, வால் நீட்டிச் சுழித்த அதே கையெழுத்து.
அதன்மேல் முனியப்பன் பேரில் வட்டச் சீல்.

மறுநாள் அவள் கேட்கவில்லை.
பத்தரை மணிக்கு நானே கேட்டேன்,
எதுக்கும்மா இதெல்லாம் எழுதுற?
"பார்த்ததை எழுதணும்னு சார் சொன்னாருங்கண்ணா.
புரியலைன்னாதான் கேட்கணும்னு போட்டேன்."
கொஞ்சம் யோசித்து, எனக்கு உதவுகிறவள்போல,
"வேஸ்டேஜுங்களா?"

வேஸ்டேஜ்.
இத்தனை வருஷம் நான் சொன்ன சொல்தான்.
ஆமாம் என்றால் முடிந்தது.
ஆமாம் என்றால்
பரீட்சையிலும் எழுதி வைப்பாள் இந்தப் பிள்ளை,
காயில் எரிந்தால் காப்பர் எழுநூறு கிராம் குறையும் என்று.

மாதேஷுக்குப் போன் போட்டேன்.
எடையில் தப்பாயிடுச்சு, நானூத்தம்பது ரூபாய்
திருப்பித் தரணும், வாங்க என்றேன்.
அந்தப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் தண்ணீர் பாயும் சத்தம்.
வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
"ஏன்ப்பா, மோட்டார்ல ஏதாச்சும் கோளாறா?"

இல்லை என்று அவரை நம்பவைக்க
அரைமணி நேரம் ஆனது.
பைனான்ஸ்காரருக்கு எடுத்து வைத்த கவரில் இருந்துதான்
அந்தப் பணம். அதுவும் சொல்லிவிடுகிறேன்.

சார் கொடுத்த படிவத்தில்
நேரந்தவறாமை, பணிவு, பாதுகாப்பு உணர்வு,
எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டேன்.
'மாணவரிடம் கண்ட குறை' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
காலியாக விட்டேன்.

பத்தாம் நாள் பக்கத்தை நீட்டினாள்.
ஒரே வரி:
'வேஸ்டேஜ் இல்லை.'

இந்த முறை படித்தேன்.
சீல் மை காய்ந்துபோயிருந்தது.
எச்சில் தொட்டு
இன்னொரு முறை அழுத்தினேன்.