ஒன்றேகால் சுற்று

தாழங்குப்பத்து மணலில் படகு இழுக்கிற
சின்ன டிராக்டர்.
இருபத்து நாலு குதிரை என்கிறது கம்பெனித் தகடு.
தேசப்பன் எண்ணியதில் பதினைந்துகூடத் தேறவில்லை.
"மீதிக் குதிரைங்க எங்க மேயுதோ தெர்ல.
பம்ப்பை ஏத்தி வுட்ருபா"
டீ கிளாஸை பானட்டில் வைத்துவிட்டுப் போனார்.

ஏற்றிவிடலாம்.
ஒரு ஸ்க்ரூ, பத்தாம் நம்பர் ஸ்பேனர், இரண்டு நிமிஷம்.
டீசல் கூடும்.
அதை எரிக்கக் காற்று வேண்டுமே.

ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கல்லில் தட்டினேன்.
மணல் கொட்டியது,
மணலுக்குப் பின்னால் சாம்பல்,
அனல்மின் நிலையத்துச் சாம்பல், சலித்த மாவு போல.
இந்தக் கரையில் எல்லார் நெஞ்சிலும் இருப்பதுதான்.
எங்களுக்கு மாற்ற வழியில்லை.
இதற்கு உண்டு: நானூற்று எண்பது ரூபாய்.

மூன்று இஞ்செக்டரையும் கைப்பம்பில் மாட்டி அடித்தேன்.
ஓரத்து இரண்டும் மார்கழிப் பனியாய்த் தூவின.
நடுவில் இருந்தது மூக்கொழுகிப் பிள்ளை.
தூவாமல் சொட்டியது.
சொட்டுகிற டீசல் இழுக்காது, புகையும்.

வால்வு இடைவெளிக்குத் தகடு விட்டேன்.
புது ரூபாய் நோட்டை விரலிடுக்கில் உருவுகிற மாதிரி
ஒரு பிடிப்பு இருக்கணும்.
இரண்டில் இருந்தது, நாலில் லொடலொடத்தது.

அப்புறம் டைமிங்.
குழாயைக் கழற்றிவிட்டு
ஃப்ளைவீலைக் கையால் நகர்த்தினேன், மயிரிழை மயிரிழையாய்.
பம்பின் வாயில் டீசல் ஒரு மணியாய் நிற்கும்,
வானத்தையும் என் மூக்கையும் சேர்த்துக் காட்டிக்கொண்டு.
அது அசையும் நொடியில்
கோட்டுக்கு நேரே கோடு வரணும்.
தாண்டிப் போயிருந்தது.
பசித்தவன் எழுந்து போன பிறகு
இலை போடுகிற கணக்கு.
பம்புக்கு அடியிலிருந்து ஒரு ஷிம் உருவினேன்,
பாலாடை கனம்.
மறுபடி சுற்ற
மணி அசைந்த இடத்தில் கோடு நின்றது.

அதற்கப்புறம்தான் ஸ்க்ரூ பக்கம் கண் போனது.
ஈய முத்திரை இல்லை.
எவனோ அறுத்து, ஏற்றி,
செம்புக் கம்பியால் கட்டியிருக்கிறான்.
திட்ட வாயெடுத்தேன்.

கம்பியின் முறுக்கு இடப்பக்கமாய்ப் போயிருந்தது.

தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை
இடதுகை மெக்கானிக் நான் ஒருத்தன்தான்.

சிவப்புப் பெயின்ட் உரிந்த இடத்தைச் சுரண்டினேன்.
அடியில் நீலம்.
ஆறு வருஷம் முன்பு
மணலியில் குப்பை இழுத்த வண்டி.
காண்ட்ராக்டர் பேர் மறந்துவிட்டது,
அவர் கொடுத்த முந்நூறு மறக்கவில்லை.
"ஒரு சுத்து போதுமா?" என்றுதான் அவர் கேட்டார்.
காலைச் சேர்த்தது நான்.

ஒன்றேகால் சுற்று திருப்பி இறக்கினேன்.
புதுக் கம்பி கட்டினேன்.
அதுவும் இடப்பக்கமே முறுகியது,
வேறு கைக்கு எங்கே போவது.

சாவி போட்டதும்
அஞ்சலாட்சி ஓடிவந்து தார்ப்பாயை எடுத்தாள்.
இந்த வண்டி உறுமினால்
அவள் கருவாட்டில் கரி இறங்கும்.
தேசப்பன் சைலன்சரை எட்டிப் பார்த்தார்.
"பொகையே காணோம். இழுக்குமா?"
"கயித்தைக் கட்டு."
பின்டயரில் கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிட்டு
செகண்ட் கியரில் விட்டேன்.
சத்தம் ஒருமுறை தாழ்ந்தது,
தாழ்ந்த இடத்தில் காலூன்றியது.
வலையோடு, ஐஸ் பெட்டியோடு
படகு மேடேறி வந்தது.

பில்லைக் கொடுத்தேன்.
நாசில், ஃபில்டர், வாஷர் ஏழு, கூலி.
"முந்நூறு கம்மியா வருதே?"
"கூட்டல் தப்பு. வுடு."

அடுத்த படகுக்குக் கயிறு மாறியது.
அஞ்சலாட்சி அங்கேயே நின்றாள்
தார்ப்பாயின் ஒரு முனை கையில்,
மறு முனை மணலில்,
மூடுவதா வேண்டாமா என்று
சைலன்சரையே பார்த்துக்கொண்டு.